கடல் 2100-இல் நின்றுவிடாது

ஐபிசிசியின் (காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. அறிவியல் குழுவின்) ஏழாவது மதிப்பீட்டு அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கும் அறிஞர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியலில் குறை சொல்ல வரவில்லை, அதற்கான படிப்பும் எனக்கில்லை. உங்கள் குழுவின் 2021 அறிக்கைச் சுருக்கத்தில், கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று காட்டிய ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

வெப்பக் கணக்கு எங்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்கும் உலகின் சராசரி வெப்பம் சுமார் 0.45 டிகிரி ஏறும். யார் விட்டார், எந்த வருடம் விட்டார் என்பதைவிட மொத்தம் எவ்வளவு என்பதே முக்கியம். 1850 முதல் 2019 வரை சுமார் 2.4 லட்சம் கோடி டன் விட்டாயிற்று. விடுவதை அடியோடு நிறுத்தினால் சூடு ஏறுவதும் ஏறக்குறைய நின்றுவிடும்.

கடல் அப்படியில்லை. மேலே சூடு நின்ற பிறகும் வெப்பம் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், இறங்க இறங்க நீர் விரியும். கிரீன்லாந்துப் பனியில் மட்டும் உலகக் கடல்மட்டத்தை 7 மீட்டர் உயர்த்தும் அளவுக்கு நீர் இருக்கிறது. அது அவசரப்படாது. ஆனால் கிளம்பிவிட்டால் திருப்பி அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை.

இப்போது அந்தப் படம். வாயுவை எவ்வளவு விடுகிறோம் (உமிழ்வு) என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோடு. 2050 வரை கோடுகள் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன. 2100-இல் குறைந்த உமிழ்வுக்கு 0.32 முதல் 0.62 மீட்டர், மிக அதிக உமிழ்வுக்கு 0.63 முதல் 1.01 மீட்டர். இந்த வீச்சுகளின் நடுவே போகும் நடுக்கோடுகளுக்கு இடையே ஒரு முழம்கூட இல்லை! "இந்த ஒரு முழத்துக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்பவரிடம் என்ன சொல்வது? பதில் உங்களிடமே இருக்கிறது: அடுத்த 2000 ஆண்டுகளில் கடல் உயர்வது 1.5 டிகிரி சூட்டுக்கு 2 முதல் 3 மீட்டர், 5 டிகிரிக்கு 19 முதல் 22 மீட்டர். ஆனால் அது எழுத்தில் ஒரு வரியாகப் போய்விட்டது. 2300-ஆம் ஆண்டோ படத்தின் ஓரத்தில் ஒல்லியாக ஒரு பட்டை. இன்று பிறக்கும் குழந்தை 2100-இல் எழுபதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்று துறைமுகத்துக்கு இடம் பார்ப்பவர் அதற்கப்புறமும் யோசிக்க வேண்டாமா?

பனிப்பாளங்கள் எதிர்பாராமல் சரிந்தால் என்னாகும் என்பதைப் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தீர்கள். 2100-க்குள் 2 மீட்டரை நெருங்கலாம் என்று சொல்வது அதுதான். கரையில் கட்டுகிறவருக்கு வேண்டியது நடுக்கோடு அல்ல, இந்தக் கோடு. அதைத் தடிமனாகப் போடுங்கள். மற்ற கோடுகளையும் அதே படத்தில், அதே அளவில், 2300 வரை நீட்டுங்கள்.

இடம் போதாதென்றால் 1950-இல் தொடங்கும் பழைய பகுதியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். நடந்து முடிந்ததற்கு அவ்வளவு அகலம் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்