147ஆம் நம்பர் ஆன்ட்டியோட நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குல ஞாயித்துக்கிழமை நாங்க ஓடுன டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் ஒரே ரேஸ்ல) முடிஞ்சு மூணு நாள் ஆச்சு, இன்னும் மாடிப்படி இறங்கணும்னா நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் இறங்குறேன். கைய தூக்கி தலை வார முடியல, பெரியவதான் வாரிவிடுறா. ஆனா இத இன்னும் தள்ளிப்போட்டா வழக்கம்போல எழுதாமலே விட்டுடுவேன், அதான் இப்பவே உக்காந்துட்டேன்.

கடல்ல என்ன நடந்துச்சுன்னு நான் திரும்ப சொல்லப்போறதில்ல. வீடியோ எல்லார் போனுக்கும் வந்துருச்சு, ஈப்போவுல இருக்குற எங்க சித்தி வரைக்கும் பாத்துட்டு "என்னாடி அந்தக் கயாக்க கட்டிப் புடிச்சுக்கிட்டு தொங்குற"ன்னு கேட்டாங்க. (அது காவலுக்கு நிக்கிற சின்னப் படகு. ரூல்படி புடிச்சுக்கலாம் சித்தி, அத வச்சு முன்னால நகரக் கூடாது, அவ்ளோதான். நான் நகரல. நகர்ற நெலமையிலயும் இல்ல.) நல்லா இருக்கேன், தண்ணி குடிச்சது மட்டும்தான், போன் பண்ணி கேட்ட அத்தன பேருக்கும் ரொம்ப நன்றி.

நம்ம கேங் நாலு பேரும் முடிச்சோம்! 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரத்துல சரியா பாதி, ஆனா எனக்கு அதுவே ஒரு ஜென்மத்துக்குப் போதும். ஜெலுத்தோங் அக்கா, டீச்சர், பட்டர்வொர்த் தம்பி, நீங்க மூணு பேரும் இல்லன்னா நான் எட்டு மாசத்துக்கு முன்னாடியே போர்வைய இழுத்து மூடிட்டு படுத்திருப்பேன். தம்பி, நீ பதிமூணு கிலோமீட்டருக்கு மேல இருக்குற பாலத்த இருட்டுல மோட்டார்ல தாண்டி வந்து நிக்கும்போது, தீவுக்குள்ளயே இருக்குற நான் எப்படிடா தூங்குறது. தண்ணீர்மலை கோயில் படி 513ஐயும் வாராவாரம் ஏற வச்ச டீச்சருக்கு நன்றி, அப்ப மனசுக்குள்ள திட்டுனதுக்கு மன்னிப்பு. "இதுக்குப் பேசாம காவடி எடுத்திருக்கலாம், புண்ணியமாவது கெடைச்சிருக்கும்"னு சொல்லிக்கிட்டே தினம் ரெண்டு அவிச்ச முட்டை டப்பாவுல போட்டுக் குடுத்த அம்மாவுக்கு, டயர் ரெண்டையும் மாத்திட்டு டயர் காசு மட்டும் வாங்கிக்கிட்ட சைக்கிள் கடை அங்கிளுக்கு, ரெண்டு பிள்ளைங்களையும் சமாளிச்ச வீட்டுக்காரருக்கு, ரோட்டோரத்துல நின்னு தெரியாதவங்களுக்கெல்லாம் கை தட்டுன ஜனங்களுக்கு, எல்லாருக்கும் சேத்து ஒரு பெரிய கும்பிடு. உங்களுக்கெல்லாம் நேர்ல வந்து சொல்லிக்கலாம். நேர்ல போய் சொல்ல முடியாத ஒரு ஆள் இருக்கா, இந்த மடலே அவளுக்குத்தான்.

வீடியோவுல வராத கதை இது.

என் கண்ணு பவர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மைனஸ் 7.50. அதாவது மூக்குக்கு முன்னால ஒரு பதிமூணு சென்டிமீட்டர் தாண்டுனா எல்லாமே மங்கல்தான், என் கைய நீட்டுனா என் கை ரேகையே தெரியாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டு கடல்ல இறங்காத, தண்ணியில இருக்குற கிருமி லென்ஸுக்கு அடியில போய் கண்ணையே கெடுத்துரும்னு கண் டாக்டர் சொல்லிட்டாங்க. அதனால பவர் போட்ட நீச்சல் கண்ணாடி ஒண்ணு சொல்லி வாங்கி வச்சிருந்தேன். அதோட வார் அன்னைக்கு காலையில, சைக்கிள் பக்கத்துல நிக்கும்போது, டப்புனு அறுந்துச்சு. எட்டு மாசம் அறுந்து போகாதது!

தம்பி தன்கிட்ட இருந்த சாதா நீச்சல் கண்ணாடிய குடுத்தான். சரி, ஆனா சைக்கிள் இருக்குற எடத்துலேர்ந்து கடற்கரைக்கு நடக்கணுமே, வழி தெரியணுமே, அதனால என் மூக்குக்கண்ணாடிய போட்டுக்கிட்டே நடந்து வந்துட்டேன், கரையில வீட்டுக்காரர் நிப்பார் அவர்கிட்ட குடுத்துடலாம்னு. வந்து பாத்தா ஆளக் காணோம், சின்னவன டாய்லட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். (அவரக் குத்தம் சொல்லல. கொஞ்சம் சொல்றேன்.) சைக்கிள் வைக்கிற எடத்த அதுக்குள்ள மூடியாச்சு, திரும்பப் போக முடியாது. மைக்ல ரோஸ் தொப்பிக்காரங்க (எங்க குரூப்புதான்) எல்லாம் தண்ணிக்கு வாங்கன்னு கூப்புடுறாங்க. நான் கண்ணாடிய கையில வச்சுக்கிட்டு மண்ணுல பொதைக்கலாமா, தொப்பிக்குள்ள சொருகலாமான்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறேன், நெஜமாவே பொதைக்குற அளவுக்கு யோசிச்சேன்.

அப்பத்தான் பக்கத்துல ஒரு சின்னக் கொரலு. "ஆன்ட்டி, பாகி சாயா பெகாங்." குடுங்க, நான் புடிச்சுக்குறேன்னு. உதவிக்கு வந்த பிள்ளைங்க போட்டிருந்த மஞ்ச டிஷர்ட், தலையில கறுப்பு துடோங் (முக்காடு), பக்கத்துல வந்ததும் கோடாலித் தைலம் வாசம். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான், ஏன்னா கண்ணாடி அதுக்குள்ள கழட்டியாச்சே. என் கையில மார்க்கர்ல எழுதியிருந்த நம்பர விரல வச்சு மலாய்ல படிச்சா, சத்து, எம்பாட், துஜோ. ஒண்ணு, நாலு, ஏழு. நான் தெரிமா காசி, நன்றினு ஒரு வார்த்த சொன்னேனோ இல்லையோ தெரியல, ஓடிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வீடியோ. அத விடுங்க.

நான் கடைசி ஆளா கரைக்கு வரும்போது ஒலகமே பால்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு. மணலு ஒரு காவி தீத்தல், கரையேறுற எடத்து வளைவு ஒரு செவப்பு தீத்தல், மனுசங்க எல்லாம் நிக்கிற தூணுங்க. எந்தப் பக்கம் ஏறணும்னு தெரியாம நெஞ்சளவு தண்ணியில நின்னுட்டேன். அந்த நிமிஷம் சொல்றேன், அழுகை வந்துருச்சு. அப்ப ஒரு கொரலு, பாசார்ல மீன் விக்கிறவங்க மாதிரி விடாம, "சத்து எம்பாட் துஜோ! சத்து எம்பாட் துஜோ!" என் கண்ணுக்குத் தன்னத் தெரியாதுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. கை ஆட்டுனா பிரயோஜனம் இல்லன்னு புரிஞ்சு கத்தியிருக்கா. எவ்ளோ நேரமா கத்துனாளோ, கொரலு கம்மிப் போயிருந்துச்சு. அந்தக் கொரல புடிச்சுக்கிட்டே நடந்தேன்.

கிட்ட போனா அவ முட்டிக்கு மேல தண்ணியில நிக்கிறா. என் கண்ணாடிய, நம்ம கடையில தே ஆயிஸ் (ஐஸ் டீ) கட்டிக் குடுப்பாங்களே அந்த மாதிரி சின்ன பிளாஸ்டிக் பையில போட்டு, ஓரமா முடிச்சுப் போட்டு, சுருக்குக் கயிற மணிக்கட்டுல மாட்டியிருக்கா, அலை தெறிச்சாலும் நனையக் கூடாதுன்னு. முடிச்ச பல்லால இழுத்து அவுத்தா. என் கை ஆடுன ஆட்டத்துல மாட்டிக்க முடியல, அவளே தொப்பிக்குள்ள காதத் தேடி மாட்டிவிட்டா. ரெண்டாம் வகுப்புல எங்கம்மா எனக்கு மொத கண்ணாடி மாட்டிவிட்டது அப்படியே ஞாபகம் வந்துச்சு. அன்னைக்குத்தான் மரத்துல எல தனித்தனியா இருக்குங்குறதே எனக்குத் தெரியும்.

ஆனா பாருங்க, மாட்டுன அடுத்த நொடி என் மூஞ்சி சூட்டுல கண்ணாடி பூரா ஆவி படிஞ்சிருச்சு. குனிஞ்சேன், கீழ்ப்பக்கம் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. தொட வரைக்கும் நனைஞ்ச டிராக் பேன்ட், அலை பின்வாங்கும்போது தண்ணிக்குள்ள ரெண்டு கறுப்பு சப்பாத்து (ஷூ). பள்ளிக்கூட சப்பாத்து. கழட்ட நேரமில்லாம அப்படியே இறங்கியிருக்கா. நிமிந்து மொகத்தப் பாக்குறதுக்குள்ள "செப்பாட் ஆன்ட்டி, செப்பாட்!" (சீக்கிரம், சீக்கிரம்)னு முதுகுல கைய வச்சு தள்ளிவிட்டுட்டா, நீச்சலுக்குக் குடுத்த நேரம் முடிய மூணு நிமிஷம்தான் இருந்துச்சாம்.

அந்தக் கண்ணாடி இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நேத்து ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். வரிசையா நிக்கிற சைக்கிள்ல என்னுது எதுன்னே தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தாலும், 101 பஸ்ல தெலுக் பகாங் போனவங்களுக்கு அந்தக் கடலோர ரோட்டோட வளைவு தெரியும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்க மங்கலாப் பாத்துக்கிட்டு சைக்கிள் விடுறதெல்லாம் ஆவுற காரியமா? கடல்லேர்ந்து ஏறி அப்படியே வீட்டுக்குத்தான் வந்திருப்பேன். முடிச்சேன்னு சொல்றேனே, பாதி அவளுது.

ஓடி முடிச்சு, மெடல மாட்டி, வாழப்பழம் ஒண்ணு தின்னுட்டு நேரா திரும்பக் கடற்கரைக்குப் போனேன். மஞ்ச டிஷர்ட் பிள்ளைங்க பாதிப் பேரு பஸ் ஏறியாச்சு. இருந்தவங்கள ஒவ்வொருத்தரா கேட்டேன், ஒருத்தி ரெண்டு பேரு பேசும்போது கிட்டப் போய் மோந்துகூடப் பாத்தேன், வெக்கமாத்தான் இருந்துச்சு. ஜெலுத்தோங் அக்கா தூரமா நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கிடைக்கல.

அடுத்த வருசம் நான் ரேஸ்ல இறங்குறேனோ இல்லையோ, தண்ணிலேர்ந்து ஏறுற எடத்துல நிக்கிறேன்னு பேரு குடுக்கப் போறேன், இடுப்புல பத்து பிளாஸ்டிக் பையும் சுருக்குக் கயிறுமா. என்ன மாதிரி குருட்டு ஆளுங்க எத்தன பேரு இருக்காங்களோ.

இதப் படிக்கிறவங்க யாருக்காவது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சருங்க யாரையாச்சும் தெரிஞ்சா கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நீச்சல் முடியுற எடத்துல நின்ன பொண்ணு, கோடாலித் தைலம் வாசம், கம்முன கொரலு. பேரு வேணாம், போட்டோ வேணாம், சின்னப் புள்ள. மறுநாள் திங்கக்கிழமை, ஸ்கூல் நாளு, உப்புத்தண்ணியில ஊறுன அந்த சப்பாத்து ஒரே ராத்திரியில காஞ்சிருக்காது. சைஸ் மட்டும் கேட்டுச் சொன்னா போதும், நான் வாங்கி அனுப்பிடுறேன்.