வானுக்குள் கட்டிலும் அடுப்பும்: எந்த வேலையை யாரிடம் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஹையேஸ் வானுக்குள் கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் வைத்து ஊர் சுற்றும் ஆசை வன்னியையும் பிடித்துவிட்டது. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளை நினைத்துச் செய்பவர்கள் உண்டு, வாடகைக்கு விடும் எண்ணத்தோடு செய்பவர்களும் உண்டு. தெற்கில் இதையே தொழிலாகச் செய்யும் இடத்தில் விடுவதா, ஊர்ப் பாஸ்மாரை வைத்து நாமே செய்வதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காசுக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். முழு வேலையையும் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிழைத்தால் திருத்தக்கூடிய வேலையை வீட்டு முற்றத்தில் செய்யலாம். பிழைத்தால் தீப்பிடிக்கிற, ஆளைக் கொல்கிற வேலைக்குத்தான் தெரிந்தவன் வேண்டும்.

மரவேலைக்கு வெளியே போகவே தேவையில்லை. வன்னியில் தச்சருக்குப் பஞ்சமா? ஆனால் அவர்கள் கை முதலில் முதிரைக்கும் பாலைக்கும்தான் போகும். ஒரு கன அடி முதிரை ஏறத்தாழ 27 கிலோ, பாலை அதற்கும் மேல். மரச்சட்டத்துக்கு மூன்று கன அடி போட்டாலே பெரிய ஆள் ஒருவரை இறக்காமல் ஏற்றித் திரிவதற்குச் சமம். கட்டிலுக்கு 12 மில்லிமீற்றர் மரின் பிளைவுட், அலுமாரிக்கு 9 மில்லிமீற்றர் போதும். ஆணி வேண்டாம், கிறவல் றோட்டின் அதிர்வில் கழன்றுவிடும். துளைத்து போல்ட் போட்டு, உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டால் இறுக்குங்கள். உள்ளகலம் ஐந்தடிதான் என்பதால் கட்டிலைக் குறுக்கே போட்டால் உயரமானவர் கால் நீட்ட முடியாது, நீளவாக்கில் ஆறடி விடுங்கள். தண்ணீர்த் தாங்கி 60 லீற்றர் என்றால் 60 கிலோ. அது பின்சில்லு அச்சுக்கு முன்னால், தரையோடு இருக்கட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். அது படிந்து உதிரும் துணுக்குகள் பம்பை அடைக்கும், அதனால் பம்புக்கு முன்னால் வடி போடுங்கள்.

வெக்கைக்குப் பலர் ரெஜிபோம் என்ற வெள்ளை போம் பலகையை ஒட்டுகிறார்கள். மலிவுதான். ஆனால் சாதாரண கொன்ராக்ட் பசை அதைக் கரைத்துத் தின்றுவிடும். பிவிசி வயர் அதில் தொட்டபடி கிடந்தால் வயரின் உறை நாளடைவில் இறுகி வெடிக்கும். வயரைக் குழாய்க்குள் விட வேண்டும். வீட்டுக் கூரைக்குக் கீழே விரிக்கும், அலுமினியத் தாள் ஒட்டிய போம் சுருள் இதைவிட நல்லது. அந்தப் பளபளப்பான பக்கத்துக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு சென்ரிமீற்றராவது காற்று இடைவெளி விடுங்கள். இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டினால் பளபளப்பால் பயனில்லை. ஜன்னல்களுக்கு நுளம்பு வலையை முதலிலேயே யோசியுங்கள், பிறகு செருக இடம் இருக்காது.

மின்சாரத்தில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். வீட்டு லைற்றுக்கு இழுக்கும் 1/1.13 வயரை வானுக்குள்ளும் இழுத்துவிடுகிறார்கள். அது 1.13 மில்லிமீற்றர் தடித்த ஒற்றைக் கம்பி, அதிர்வில் முறியும். பற்றரியிலிருந்து பிரிட்ஜ் 5 மீற்றர் தூரம் என்றால் போகவும் வரவும் 10 மீற்றர். 5 அம்பியர் ஓடும்போது அந்த வயரில் மட்டும் கிட்டத்தட்ட 0.9 வோல்ற் விழுந்துவிடும். பிரிட்ஜின் மோட்டார் உதைத்து ஓடத் தொடங்கும் கணத்தில் இன்னும் விழும். பற்றரி நிறைந்திருக்க, பிரிட்ஜ் மட்டும் ‘பற்றரி இல்லை’ என்று நின்றுவிடும். பிரிட்ஜ் பழுது என்று கடைக்குக் காவுகிறார்கள். பல இழை கொண்ட 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ற் அளவில் நிற்கும்.

எங்கள் வெயிலில் 12 வோல்ற் பிரிட்ஜ் ஒன்று நாளுக்கு 40, 50 அம்பியர்-மணி இழுக்கும். 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி இரண்டு நாள் தாங்கும். அதே அளவு ஈய பற்றரியில் பாதியைத்தான் பழுதாக்காமல் எடுக்கலாம், அதுவும் 30 கிலோவளவு பாரம். 200 வாற் சோலர் நல்ல வெயில் நாளில் 50 அம்பியர்-மணியைத் தாண்டித் தரும். மாரியில் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. ஆகவே ஓடும்போதும் சார்ஜ் ஏற வேண்டும். இங்கேதான் ஓட்டோ எலக்ரீசியன்மார் ஒரு றிலே போட்டு நேரே இணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஒல்ரனேற்றரின் முழுப் பலத்தையும் லித்தியம் பற்றரி உறிஞ்சும். பழைய ஒல்ரனேற்றர் சூடாகிக் கருகும். ஏறும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த நடுவே டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 1000 வாற் இன்வேட்டர் முழுச் சுமையில் 100 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். 35 சதுர மில்லிமீற்றர் கேபிள், 125 அம்பியர் பியூஸ் வேண்டும். அந்தப் பியூஸ் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். இன்வேட்டர் பக்கத்தில் வைத்தால், இடையில் கேபிள் உரசி வானின் இரும்பில் தொடும்போது பியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், கேபிள் எரியும். கேபிள் முனையில் மாட்டும் செப்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டி நசுக்குவதும் இதே ஆபத்துத்தான். ஹைட்ரோலிக் கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.

காஸ் வேலையையும் அப்படியே தெரிந்தவரிடம் விடுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தங்கும். 2.3 கிலோ சிலிண்டர் என்றாலும் அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். படுக்கும் பக்கம் முழுதாக அடைத்து, கதவு வெளிப்பக்கம் திறந்து, அடியில் வெளியே போகும் துளையோடு இருக்க வேண்டும். அந்தத் துளை புகைக்குழாய்க்கு அருகில் வரக்கூடாது. இதைச் செய்ய ஆள் கிடைக்காவிட்டால், வானுக்குள் அடுப்பே வேண்டாம். வெளியே மர நிழலில் வைத்துச் சமைக்கலாம்.

கூரையில் காற்றாடிக்கு ஓட்டை வெட்டுவதும் அவசரப்படக்கூடாத வேலை. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வானுக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்; வெட்டிய தகரம் திரும்பி வராது. வெட்டும்போது சிந்தும் இரும்புத் தூளை அன்றே முழுதாகத் துடைத்தெடுங்கள், கிடந்தால் அந்த இடமெல்லாம் துரு. வெட்டிய விளிம்புக்குத் துருவைத் தடுக்கும் சிங்க் (துத்தநாக) பிறைமர் பூசி, பொலியூரித்தேன் சீலன்ற் போடுங்கள். வினாகிரி மணக்கும் மலிவு சிலிக்கன் தகரத்தை அரிக்கும், அதன்மேல் பெயின்றும் பிடிக்காது.

ஆசனத்தையும் பெல்ற்றையும் இடம் மாற்றி வெல்டிங் அடிக்க வேண்டாம். ஆசன எண்ணிக்கையும் வாகன வகையும் பதிவுச் சான்றிதழில் இருப்பவை. மாற்றம் செய்ய முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காமல் மாற்றிய வான் விபத்துக்குள்ளானால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே சாட்டாகும்.

எல்லாவற்றையும் தொழில் இடத்திலேயே கொடுப்பவர்கள், பலகை மூட முன்னர் ஒவ்வொரு வயரும் ஓடும் பாதையைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், பியூஸ் பட்டியலும் கேளுங்கள். இரவில் கொக்கிளாயில் லைற் போனால் செய்தவர் வரப்போவதில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் நெல் ஆலைத் தராசில் முன்சில்லையும் பின்சில்லையும் தனித்தனியாக ஏற்றி நிறுங்கள். கூரைமேல் அரை மணி நேரம் குழாயால் தண்ணீர் அடித்து, உள்ளே மூலைகளைக் கையால் தடவிப் பார்த்த பிறகு கடைசித் தொகையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாகன மின்வேலையும் தச்சுவேலையும் செய்வோர் சிலர்,
பரந்தன்.