பாப்பாவுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

பாப்பா,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஆபீஸ் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பாதி வழியிலேயே இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன் என்றாய். இது மூன்றாவது தடவை என்றாய். நான் உடனே, "எத்தனை நிமிஷம் இருந்துச்சு? கை மரத்துப் போச்சா? பத்துக்கு எத்தனை சொல்லுவே?" என்று வரிசையாக ஆரம்பித்துவிட்டேன். "அம்மா, நான் உன் பேஷண்ட் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ சொன்னதுதான் சரி. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்ததும் கைக்குப் பழகிய சைக்காலஜிஸ்ட் தொழிலைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மெசேஜில் கேட்டிருந்தாய்: "உன் ரூமுக்குள்ள அப்படி என்னதான் பண்ணுவே? நான் யாருகிட்டயாவது போனா எனக்கும் அதைத்தான் பண்ணுவாங்களா?" வந்தவர்கள் பேசியதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று கவனமாக இருந்ததில், என் கதையையும் சேர்த்தே உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இப்போது சொல்கிறேன்.

உன் தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். நீ பார்த்ததில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தை தனக்குத் தானே பேச ஆரம்பித்தாள். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள், கடைசியில் தூரத்தில் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது இடது கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. சங்கிலி போட்ட தழும்பு. வீட்டில் யாரும் அவளிடம் கோபப்பட்டதில்லை. முதல் சோறு அவளுக்குத்தான் போடுவார்கள். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கிளம்பிவிடும் என்று பயம். ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன்: "அங்க என்ன அத்தை பண்ணுவீங்க?" பின்னுகிற கை நின்றுவிட்டது. நான் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "ராத்திரியில யாராவது அழுதுக்கிட்டே இருப்பாங்க. எத்தனை பேருன்னு எண்ணிக்கிட்டு இருப்பேன்" என்றாள். அப்புறம் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

எத்தனையோ பாடம் படித்துவிட்டேன். என் அறையில் நான் செய்கிற வேலையின் பாதி அன்றைக்கே நடந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் இருப்பது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். உனக்கு அப்போது மூன்று வயது. மடியில் உன்னை வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் பார்த்தேன்; அத்தையின் கணுக்கால்தான் கண்ணில் நின்றது. மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல நிறுவனத்தில் இரண்டு வருஷம் எம்.ஃபில். படித்தேன். வார்டு, ஓ.பி., ராத்திரி உட்கார்ந்து கேஸ் ஹிஸ்டரி எழுதுவது. நான் எழுதிக் கொடுத்த பக்கங்களின் ஓரத்தில் என் சூப்பர்வைசர் சிவப்பு மையில் ஒரே கேள்வியைத்தான் எழுதித் திருப்பித் தருவார்: "இதை அவர் சொன்னாரா, நீ சொல்கிறாயா?" இன்றைக்கும் ஒருவர் என் எதிரே பேசும்போது அந்தச் சிவப்பு மை எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் அதிகம் செய்வது சி.பி.டி. என்கிற வகை; எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பார்க்கிற பேச்சு சிகிச்சை. இதற்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் ஆரோன் பெக், பிலடெல்பியாவில் இருந்த மனநல மருத்துவர். மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர். டிப்ரஷன் உள்ளவர்கள் தங்கள் கோபத்தைத் தங்கள் மேலேயே திருப்பிக்கொள்கிறார்கள் என்பதை நிரூபிக்கத்தான் அவர்களுடைய கனவுகளை ஆராய்ந்தார். கனவில் கோபத்தைக் காணோம். தோற்றுப்போவதும் இழப்பதுமாகத்தான் இருந்தது. பிடித்த கொள்கையாயிற்றே என்று அதைக் கட்டிக்கொண்டு அழாமல், அவர் விட்டுவிட்டார். மனதுக்குள் தானாக ஓடுகிற எண்ணங்களை நோயாளியோடு சேர்ந்து உட்கார்ந்து, இது நிஜமா, ஆதாரம் என்ன என்று பார்க்க ஆரம்பித்தார். 2021இல் நூறு வயதில் இறந்தார். அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த விட்டுக்கொடுத்தல்தான்.

ஆனால் புத்தகத்தில் இருப்பது அப்படியே நம் ஊருக்கு வந்துவிடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பீடி சுற்றும் ஓர் அம்மா வந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.) எப்போது பயம் வருகிறது, அப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று எழுதிவரக் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தேன். அடுத்த வாரம் தாளை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு எழுதத் தெரியாது; நான் கேட்கவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அவருக்கு அதைவிட. "சரிம்மா, சொளகு பக்கத்துல ஒரு டப்பா வச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவை படபடன்னு வரும்போதும் ஒரு புளியங்கொட்டையைப் போடுங்க" என்றேன். டப்பாவோடு வந்தார். "நாள் முழுக்க இப்படியேதான் இருக்கேன்னு நினைச்சேன். வாரத்துக்குப் பதிமூணுதான் இருக்கு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உனக்கு வருவது என்ன என்று நான் முடிவு சொல்லப் போவதில்லை. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்றார் என்று சொன்னாய், நல்லது. பேனிக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறுகிற பயம் என்று அவர்கள் சொன்னால் ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள். 1986இல் டேவிட் கிளார்க் என்கிற பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட் விளக்கினார்: நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, அதை "செத்துப்போகப் போறேன்" என்று மனம் படித்துவிடுகிறது, அந்தப் பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் நிம்மதி வரும். ஆனால் இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதனால் தெரபியில் இறங்காமல் இருக்கப் பழக்குவார்கள். சில சமயம் அறையிலேயே வேகமாக மூச்சு விடச் சொல்லி, படியேறி ஓடச் சொல்லி, அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். அது ஏறும், ஒன்றும் ஆகாமல் தானாக இறங்கும். அதை உன் உடம்பே பார்க்க வேண்டும்.

இங்கேதான் நான் உதவ மாட்டேன், தங்கம். வேறு யாராக இருந்தாலும் அவர் பயம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்காருவேன். உனக்கு ஏறினால் என்னால் உட்கார முடியாது. தண்ணீர் கொடுப்பேன், முதுகைத் தடவுவேன், வீட்டுக்குப் போகலாம் வா என்பேன். இருபத்தேழு வருஷமாகச் செய்தது அதுதானே. சொந்தப் பிள்ளைக்குத் தெரபி செய்யக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. விதியே இல்லாவிட்டாலும் நான் லாயக்கில்லை. இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாயங்காலங்களில் நான் வீட்டில் இல்லாததைப் பற்றி இருக்கலாம். அதை என் முகத்தைப் பார்க்காமல் சொல்ல உனக்கு ஓர் இடம் வேண்டும். தயங்காமல் சொல்லு. எனக்கு வந்து சேராது. உயிருக்கு ஆபத்து என்கிற மாதிரியான நிலைமை தவிர, தெரபி செய்கிறவர்கள் வெளியே சொல்லக் கூடாது.

புனேயில் யாரிடம் போவது என்று நீயே தேடு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேள், கேட்பதில் தப்பே இல்லை. மாத்திரை வேண்டியிருந்தால் அவர் சைக்கியாட்ரிஸ்டிடம் அனுப்புவார், பயப்படாதே. மூன்று நான்கு தடவை போயும் இவரிடம் மனம் திறக்கவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லு. நல்லவர் என்றால் கோபப்பட மாட்டார். நடு ராத்திரியில் ரொம்பக் கஷ்டமாகி, என்னைக் கூப்பிடவும் மனசு வராவிட்டால் 14416க்குப் போன் பண்ணு. அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது, டெலிமானஸ் என்று பெயர், தமிழிலும் பேசலாம்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவார். சமைத்துக்கொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு, உள்ளே நடக்கிற பேச்சு முடியும்வரை வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தேன். முதல் நாள் போகும்போது உனக்கு அப்படி ஆள் வேண்டுமென்றால் சொல்லு, ரயில் ஏறி வந்துவிடுகிறேன். உள்ளே வர மாட்டேன். முடிந்து வெளியே வரும்போது என்ன பேசினாய் என்றும் கேட்க மாட்டேன். சாப்பிட எங்கே போகலாம் என்று மட்டும் கேட்கிறேன்.

அம்மா