அடுத்தவர் திண்ணையில் செத்த கமலா

மதிப்பிற்குரிய மார்வெல் காமிக்ஸ் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். இதைத் தமிழில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குப் பணிவு நன்றாக வரும், கோபம் சரியாக வராது.

'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 26-ஆம் இதழ் பற்றித்தான். 2023 மே 31, புதன்கிழமை கடைக்கு வந்தது. அதில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லப்போனால் எங்களுக்கு அந்த இதழே சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் முன்பே விஷயம் கசிந்து, நீங்களும் "ஆமாம், மிஸ் மார்வெல் சாகிறாள்" என்று அறிவித்து, ஜூலையில் வரப்போகும் இரங்கல் இதழுக்கு விளம்பரமும் போட்டுவிட்டீர்கள். உயிர் போவதற்கு முன்பே கருமாதிப் பத்திரிகை அடித்த குடும்பத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம். உங்கள் மிஸ் மார்வெலான கமலா கானுக்கும் இதே ஊர். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. என் அம்மா பெயர் கமலா. அரபியில் 'கமால்' என்றால் முழுமை, அந்தக் கமலா வேறு, நம் கமலா வேறு என்று எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன். "பாட்டி பேருதானே" என்று முடித்துவிட்டாள். அவர்கள் பாகிஸ்தானிக் குடும்பம், நாங்கள் கும்பகோணம். ஆனால் ராத்திரி பார்ட்டிக்கெல்லாம் போக வேண்டாம் என்று சொல்லும் அப்பா அம்மாவும், அதை மீறி ஜன்னல் வழியாக இறங்கிப் போகும் பெண்ணும் எந்த ஊருக்குச் சொந்தம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014-இல் வந்த அந்த முதல் தொகுப்புக்கு அடுத்த வருஷம் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தபோது நாங்கள் இந்த நாட்டுக்கே வந்திருக்கவில்லை. பிற்பாடு நூலகத்தில் எடுத்து வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படித்தோம்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கமலாவின் கதையைக் கமலாவின் புத்தகத்தில் சொல்லுங்கள்.

சாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காமிக்ஸில் சாவு என்றால் என்ன என்று தெரியாத வயதா எனக்கு? 1992-இல் சூப்பர்மேனைக் கொன்றபோது கறுப்புப் பட்டை கட்டியவர்கள் மறு வருஷமே அவர் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள்தானே. கமலாவும் வருவாள். நவம்பரில் அவள் வருகிற படம் திரைக்கு வரப்போகிறது. அதற்குள்ளேயே வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். என் வருத்தம் அவள் செத்த விதத்தில்.

தன் தொடர்களில் அவள் எப்படித் தொடங்கினாள் என்று நினைத்துப் பாருங்கள். சக்தி கிடைத்ததும் அவள் முதலில் செய்தது, பொன்னிற முடியும் வெள்ளைத் தோலுமாக, முன்பு மிஸ் மார்வெலாக இருந்த கேரல் டான்வர்ஸ் உருவத்துக்கு மாறியதுதான். மிஸ் மார்வெல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளே நம்பினாள். ஆற்றில் விழுந்த பள்ளித் தோழி ஸோயியைக் கையை ராட்சசக் கையாக நீட்டித் தூக்கியதும் அந்த முகத்தோடுதான். அப்புறம் அந்த உடை உறுத்துகிறது, முடி கண்ணை மறைக்கிறது, ஒன்றும் பொருந்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மூக்கோடு, தன் நிறத்தோடு, உடம்பை மூடும் நீச்சலுடையான புர்கினியை வெட்டித் தைத்த உடையோடு வெளியே வந்து நிற்கிறாள். ஆசிரியர் சனா அமானத், எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன், ஓவியர் அட்ரியன் அல்ஃபோனா எல்லாரும் சேர்ந்து கட்டியது இதைத்தான்: அடுத்தவள் முகம் வேண்டாம், என் முகம் போதும்.

இப்போது 26-ஆம் இதழுக்கு வருவோம். ஸ்பைடர்-மேனான பீட்டர் பார்க்கரின் பழைய காதலி மேரி ஜேனைக் கொல்ல வருகிறான் வில்லன். கமலா மேரி ஜேனாக உருமாறி நின்று கத்தியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறாள். பிறகுதான் சொந்த முகம் திரும்புகிறது, சாகிற நேரத்துக்கு மட்டும். ஒன்பது வருஷம் எந்த முகமூடியைக் கழற்ற அவளுக்குக் கற்றுக்கொடுத்தீர்களோ, அதையே மாட்டிவிட்டு அனுப்பிவைத்தீர்கள். செய்தவர்களுக்கு இது கண்ணில் பட்டதா என்றுகூடத் தெரியவில்லை. தெரிந்தே செய்திருந்தால் அதைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கும்.

அதுவும் யார் வீட்டில்? பீட்டர் பார்க்கர் வீட்டில். அந்தத் தொடரில் ஆஸ்கார்ப்பில் பயிற்சி வேலை பார்க்கும் பெண்ணாக அங்கங்கே எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் அம்மா இல்லை, அப்பா இல்லை, நண்பன் புரூனோ இல்லை. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது பீட்டரும் பீட்டரின் மனிதர்களும். எங்கள் ஊரில் வெளியூரில் உயிர் போனாலும் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்துவார்கள். நீங்கள் அடுத்தவர் திண்ணையிலேயே முடித்துவிட்டு, பீட்டரின் துக்கத்தை எங்களைப் பார்க்கச் சொல்கிறீர்கள்.

பீட்டர் அழுவதற்கு ஒரு பெண் சாக வேண்டும் என்பது 1973-இல் செத்த அவன் காதலி க்வென் ஸ்டேசியிலிருந்து வருகிற வழக்கம். சரியாக ஐம்பது வருஷம். பொன்விழாவுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று யாரோ கூட்டத்தில் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. நாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே கொல்லப்படும் பெண்களின் பட்டியலை காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் 1999-இலேயே போட்டுவிட்டார். நீங்கள் அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் போட்டிக் கடையான டிசி இந்த விஷயத்தில் நேர்மையானது. 1988-இல் பேட்மேனின் துணையான ராபின், அந்த ஜேசன் டாட் இருக்கலாமா சாகலாமா என்று தொலைபேசியில் வாக்கெடுப்பு வைத்தது. 72 வாக்கு வித்தியாசத்தில் பையன் போனான். குரூரம்தான், ஆனால் கேட்டாவது செய்தார்கள்.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மே மாதம் ஆசிய அமெரிக்கர்களின் பாரம்பரிய மாதம். மாதத்தின் கடைசி நாளில் உங்கள் மிகப் பிரபலமான தெற்காசியப் பெண்ணைக் கொன்றிருக்கிறீர்கள். மாதம் முடிந்த பிறகு செய்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தீர்களோ என்னவோ.

மன்னிக்கவும். பணிவாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மீண்டும் கேட்கிறேன்: அவளைத் திருப்பிக் கொண்டுவருகிறபோது, தயவுசெய்து, வேறு யாருடைய இதழின் கடைசிப் பக்கத்திலோ பெரிய குழுவின் மூலையிலோ நிறுத்திவிடாதீர்கள். 2021-க்குப் பிறகு அவளுக்கென்று நிற்காமல் வரும் தனித் தொடர் இல்லை. அதைத் தாருங்கள். அம்மாவும் அப்பாவும் ஊரும் அதில் இருக்கட்டும். அவள் புத்தகத்தில் வாசகர் கடிதத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. அது இப்போதும் இருந்திருந்தால் இதை அங்கேயே அனுப்பியிருப்பேன், இப்படிப் பொதுவில் எழுத வேண்டியிருந்திருக்காது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் மகளோடுதான் கடைக்குப் போனேன். அங்கேயே நின்றுகொண்டு படித்தாள். அழவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். ஜூலையில் வருகிற இரங்கல் இதழை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன்.

"அதுல கமலா பேசுவாளா, இல்ல எல்லாரும் அவளைப் பத்திப் பேசுவாங்களா?" என்றாள்.

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். சொன்னால், எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று அவரிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஜெர்சி சிட்டியிலிருந்து ஒரு வாசகி
ஜூன் 2023