6-ம் தேதி வரை அட்வான்ஸ் கொடுக்காதே

சென்னை,
2 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய எக்செல் வந்தது. ராத்திரி 2:40-க்கு அனுப்பியிருக்கிறாய். பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். கண்ணாடி கொண்டுபோகாததால் வீட்டுக்கு வந்து திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்குள் அம்மா, "என்னவாம், நல்லா இருக்காளா?" என்று கேட்டாள். "கிராஃபிக்ஸ் கார்டு பத்திக் கேட்டிருக்கா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆர்டிஎக்ஸ் 5070-ஆ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யா? இப்பவே புக் பண்ணிடலாமாப்பா?" மூன்று வாரத்துக்கு அப்புறம் உன்னிடமிருந்து வந்தது இவ்வளவுதான். இதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வராது. நான் ஆரம்பிப்பதற்குள் நீ "மீட்டிங் இருக்குப்பா" என்பாய். அதனால் எழுதி நாளைக்குக் கொரியரில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை உன் கையில் இருக்கும். அதற்குள் யாருக்கும் பணம் அனுப்பிவிடாதே.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 6-ம் தேதி வரை அட்வான்ஸ் கொடுக்காதே. என்விடியா கம்பெனியின் 5070 விற்பனைக்கு வருவது 5-ம் தேதி. அதன் போட்டிக் கம்பெனி ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி வருவது 6-ம் தேதி. இன்னும் நான்கு நாள். அதற்குள் வெளியாட்கள் சோதித்த கணக்குகள் வந்துவிடும். நம் பழைய கடைக்கு எதிர்க்கடைக்காரர் இப்போதே 5,000 கேட்கிறார், முதல் லாட்டில் எடுத்துத் தருவாராம். நல்ல மனிதர்தான். இருந்தாலும் வேண்டாம்.

உன் எக்செல்லைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருபது வருஷம் கார்டு விற்றவன் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமாக யாரும் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. எது கம்பெனி சொன்னது, எது கசிந்தது, எது நீ ஊகித்தது என்று மூன்று நிறம் கொடுத்திருக்கிறாய். சிவப்பு நோட்டில் நான் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீ ஊகித்துப் போட்ட அந்த ஆரஞ்சு நிறக் கட்டங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. பிப்ரவரி 28 அன்று ஏஎம்டி தன் புது 9070 எக்ஸ்டி-யை, 4கே திரையளவில் தன் பழைய 7900 ஜிஆர்இ கார்டைவிட 42% வேகம் என்றது. நீ அந்த 42%-ஐ எடுத்து, ஜிஆர்இ-யின் பழைய சோதனைக் கணக்கோடு பெருக்கி, அங்கிருந்து என்விடியாவின் பழைய 4070 கார்டுக்குத் தாவி, அதன் மேல் ஜனவரியில் என்விடியா காட்டிய பட்டைப்படத்தை வைத்து 5070-க்கு வந்திருக்கிறாய். மூன்று தாவல். ஒவ்வொன்றிலும் சோதித்தவர் வேறு, ப்ராசஸர் வேறு, விளையாட்டு வேறு. ஒவ்வொரு படியிலும் 5% பிசகினால்கூட, கடைசியில் வருகிற வித்தியாசத்தை அந்தப் பிசகே தின்றுவிடும். உன் விடை 14% என்கிறது. அது 0 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். அந்த 42%-க்கு எந்த விளையாட்டுகள் என்று தேர்ந்தெடுத்ததும் விற்கிறவர்தான் என்பதை மறந்துவிடாதே.

கார்டுக்குள் கணக்குப் போடுகிற சின்னச் சின்ன அலகுகளை, அதாவது கோர்களை, 5070-க்கு 6144, 9070 எக்ஸ்டி-க்கு 4096 என்று ஒரே வரிசையில் போட்டிருக்கிறாய். அதை அழித்துவிடு. இரண்டு கம்பெனியும் கோர் என்று எண்ணுவது ஒன்றல்ல. படியில் அளந்ததையும் கிலோவில் நிறுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது.

ஜனவரி 6 அன்று லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்னதை நீயும் பார்த்திருப்பாய். 549 டாலர் 5070, போன தலைமுறையின் உச்ச கார்டான 4090-இன் வேகத்தைக் கொடுக்கும் என்றார். 4090-க்கு 16384 கோர், 24 ஜிபி மெமரி, 1,599 டாலர். இதற்கு 6144 கோர், 12 ஜிபி. அந்தப் பேச்சு எதன் மேல் நிற்கிறது என்றால் டிஎல்எஸ்எஸ் 4 என்ற என்விடியாவின் உத்தி மேல். கார்டு ஒரு ஃபிரேமை உண்மையாக வரைகிறது, அதற்கடுத்து மூன்று ஃபிரேம் வரை ஊகித்து நடுவில் செருகுகிறது. எண்ணிப் பார்த்தால் நான்கு. விளையாடுகிறவனுக்கு அதில் பலன் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என்விடியாவின் அந்தப் பட்டைப்படத்தில் ஃபார் க்ரை 6 என்ற விளையாட்டைப் பார். அதில் டிஎல்எஸ்எஸ் கிடையாது. அங்கே பட்டை கொஞ்சம்தான் உயர்ந்திருக்கிறது. அதுதான் கார்டின் சொந்த பலம்.

அம்மு, நீ விளையாடுகிறவள் இல்லை. நீ பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் ரெண்டர் எடுப்பவள், காட்சியை முழுப் படமாக வரையவைப்பவள். செருகிய ஃபிரேம் உன் ரெண்டரில் ஒரு நிமிஷத்தையும் மிச்சப்படுத்தாது. உனக்கு ஒவ்வொரு ஃபிரேமும் உண்மையாக வரையப்பட வேண்டும். அதனால் நீ அடுக்கி வைத்திருக்கிற விளையாட்டுக் கணக்கில் பாதி உனக்கு உதவாது. பிளெண்டருக்கு இதுவரை வந்த தலைமுறைகளில் என்விடியா கைதான் ஓங்கியிருக்கிறது, ரெண்டரை வேகப்படுத்துகிற ஆப்டிக்ஸ் என்ற அதன் சாஃப்ட்வேர் இருப்பதால். ஏஎம்டி ஹிப் என்ற தன் சாஃப்ட்வேர் வழியாகப் போகிறது, அவ்வளவு வேகம் வரவில்லை. ஆனால் மெமரி என்று பார்த்தால் 9070 எக்ஸ்டி-க்கு 16 ஜிபி, 5070-க்கு 12 தான். உன்னிடம் இருக்கிற பழைய 3060 கார்டுக்கும் 12 ஜிபி. பெரிய சீன் ஏற்றும்போது மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். புது கார்டு வாங்கியும் அதே இடத்தில் நின்றால் என்ன பிரயோஜனம்? 5070-க்கு மேலே உள்ள 5070 டிஐ கார்டுக்கு 16 ஜிபி உண்டு, பிப்ரவரி 20-லேயே வந்துவிட்டது, சோதனைக் கணக்கும் கையில் இருக்கிறது. ஆனால் சொன்ன விலையே 80,000. கடையில் அந்த விலைக்குக்கூடக் கிடைப்பதில்லை. 5070-க்கு 59,000 என்று அறிவித்திருக்கிறார்கள், அதுவும் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். எப்படியும் 6-ம் தேதிக்கு முன்னால் பணம் கொடுக்காதே.

வீட்டுக்கு ஏன் இப்போது புது கார்டு என்று நான் கேட்கவில்லை. ஆபீஸ் மெஷினில் போதுமான கார்டு இருந்தது, லாக்டவுனில்கூட வீட்டிலிருந்து அதில் இணைந்துதான் வேலை செய்தாய். வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் நல்லதுதான். போன வாரம் பேப்பரில் உன் தொழிலைப் பற்றிப் பெங்களூர்ச் செய்தி ஒன்று வந்தது. அம்மா அந்தப் பக்கத்தை மடித்து டிவி ஸ்டாண்டில் வைத்திருக்கிறாள். நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

இங்கே எல்லாரும் நலம். சின்ன அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. மேல் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் விஷயத்தில் இறங்கி வந்துவிட்டார். பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் உன்னைக் கேட்காதவர் இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை, அதற்கும் வரவில்லை. வேலை இருக்கிறது என்று நானே எல்லாரிடமும் சொன்னேன். அந்தப் படத்தின் கடைசியில் உன் பெயர் ஓடியதையும் சொன்னேன். நானும் அம்மாவும் பெயர்கள் முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம், தியேட்டரைக் கூட்டத் துடைப்பம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கூட எங்களோடு நின்று பார்த்தாள் என்று சொன்னேன். நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். நீ ஒரு போன் செய்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

கார்டு வருவதற்கு முன்னால் வருகிற கணக்கை நம்பாதே என்று நான் ஏன் இத்தனை தரம் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றலாம். 2022 நவம்பரில் ஏஎம்டி 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டை, தன் முந்தைய கார்டைவிட 1.7 மடங்கு வரை வேகம் என்று சொன்னதும், வெளியே சோதித்தபோது பெரும்பாலும் 35, 40% கூடுதல் என்ற பக்கம் நின்றதும் உனக்குத் தெரியும். அதே வருஷம் என்விடியா 12 ஜிபி 4080 என்று ஒன்றை அறிவித்து, பெயர் குழப்புகிறது என்று அக்டோபரில் தானே வாபஸ் வாங்கி, ஜனவரியில் 4070 டிஐ என்று விற்றது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம் போலிருக்கிறது, ஆரம்பிக்கும்போது எனக்கே தெரியவில்லை.

2003-இல் ஒரு பையன் கடைக்கு வருவான். புரசைவாக்கத்திலிருந்து. 3டி கிளாஸ் போய்க்கொண்டிருந்தான், உன் தொழில்தான். வாராவாரம் சனிக்கிழமை வந்து ஷோகேஸில் இருந்த ஒரு கார்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். பணம் சேர்ந்ததும் அதைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. "அடுத்த மாசம் புதுசு வருது தம்பி, டைரக்ட்எக்ஸ் 9, இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும்" என்று சொல்லி 2,000 அட்வான்ஸ் வாங்கினேன். அந்தப் புது கார்டுக்குப் பத்து புக்கிங் காட்டினால் டீலர் கூடுதல் கழிவு தருவதாகச் சொல்லியிருந்தார். அவன் பத்தாவது ஆள். எந்த கார்டு என்று உனக்கு நான் பெயர் சொல்லவேண்டியதில்லை.

கார்டு வந்த அன்று ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஷோகேஸ் கார்டையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். பழையதுதான் வேகம். கொஞ்சநஞ்சம் இல்லை, கண்ணுக்கே தெரிந்தது. சிவப்பு நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. மறுநாள் அவன் வந்தான், புது கார்டையே கொடுத்தனுப்பினேன்.

அவன் மூன்று தரம் திரும்பி வந்தான். மூன்று தரமும், "அடுத்த டிரைவர் சாஃப்ட்வேர் வரட்டும் தம்பி, சரியாயிடும்" என்றேன். கடைசித் தரம் நீயும் கடையில் இருந்தாய், ஐந்து வயது, கவுண்ட்டர் மேல் உட்கார்ந்து பேக்கிங் கவரைப் பட்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தாய். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் வரவே இல்லை. எந்த டிரைவரும் அதைச் சரிசெய்யாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மாற்றிக் கொடுத்திருந்தால் எனக்கு நஷ்டம் ஆயிரத்து ஐந்நூறு இருந்திருக்கும்.

தீபாவளிக்கு நீ வந்தபோது மொட்டைமாடியில் சொன்னாயே. சம்பளம் தள்ளித் தள்ளி வருகிறது, சீனியர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள் என்று. நான் சீரியல் லைட்டில் எந்த பல்பு போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அதற்கப்புறம் நீ வேலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த "சரி"யை நான் முன்னாலேயே ஒருமுறை கேட்டிருக்கிறேன் என்று இன்று காலை உன் எக்செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. உனக்கு அன்றைக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை அம்மு. அந்தப் பையனுக்குச் சொன்னதையே சொன்னேன். நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

சரி, கார்டுக்கு வருகிறேன். எதை வாங்கினாலும் உன் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் தாங்காது. 2021-இல் 3060-க்காக நான் போட்டுக் கொடுத்தது 550 வாட். 5070-க்கு 250 வாட் போகும், 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறார்கள். 9070 எக்ஸ்டி-க்கு 304 வாட், 750 வேண்டும். கேபினெட்டில் நீளமும் பத்துமா என்று அளந்து பார்க்கணும், முன்பக்க ஃபேனை நான் உள்பக்கமாகத்தான் மாட்டியிருந்தேன். நீ ஸ்க்ரூவைக் கழற்றாதே. நான் 750 வாட் ஒன்று எடுத்துக்கொண்டு, 7-ம் தேதி காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் பெங்களூருக்கு வருகிறேன். அதற்குள் இரண்டு கார்டின் சோதனையும் வந்திருக்கும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உன் ஆரஞ்சுக் கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றலாம். என்ன விலையானாலும் பாதி என்னுடையது. வேண்டாம் என்று எழுதாதே.

அம்மா பருப்புப்பொடி கொடுத்தனுப்புகிறாள். அவளுக்கும் டிக்கெட் போடச் சொல்கிறாளா என்று நாளைக்குத் தெரியும்.

7-ம் தேதி வெள்ளிக்கிழமை, ஆபீஸ் நாள். மத்தியானம் வந்து சேருவேன். சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாலும் சரி. நீயே கதவைத் திறந்தாலும் சரி, நான் எதுவும் கேட்கமாட்டேன். நீ சொன்னால் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா