டெர்மினலில் ஓடுகிறது, எடிட்டரில் ஓடவில்லை என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் மெயில் கிடைத்தது. "அண்ணா, டெர்மினல்ல ஓடுது, விஎஸ் கோட்ல ஓட மாட்டேங்குது. ஃபைல் இல்லைங்குது, ஆனா கண்ணு முன்னாடியே இருக்கு" என்று எழுதியிருந்தாய். ஃபைல் இருப்பது உண்மைதான். எடிட்டர் சொல்வதும் பொய்யில்லை. நீ ஒரு ஃபோல்டரில் நின்று தேடுகிறாய், அது வேறொரு ஃபோல்டரில் நின்று தேடுகிறது.

டெர்மினலில் என்ன செய்தாய் என்று யோசித்துப் பார். சிடி போட்டு 'கணக்கு' ஃபோல்டருக்குள் போய், அங்கிருந்து மெயின்.பிஒய்-ஐ ஓட்டினாய். உன் கோடில் 'தரவு.சிஎஸ்வி' என்று வெறும் பெயர்தான் இருக்கிறது. பாதை இல்லாத பெயரைக் கொடுத்தால், புரோகிராம் எந்த ஃபோல்டரிலிருந்து கிளப்பப்பட்டதோ அங்கேதான் தேடும். கோட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை அது பார்க்காது. விஎஸ் கோடில் நீ திறந்து வைத்திருப்பது 'கணக்கு'க்கு மேலே உள்ள பிராஜெக்ட் ஃபோல்டர். பைத்தான் டீபக்கர் (கோடை ஓட்டிப் பிழை தேட உதவும் பகுதி) தானாக எடுத்துக்கொள்ளும் இடமும் அதுதான். உன் நண்பனுக்குப் பைசார்ம் என்ற வேறொரு எடிட்டரில் அதே கோட் ஓடியதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு ஸ்கிரிப்டை ரைட் கிளிக் செய்து ஓட்டினால், பைசார்ம் அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரையே எடுத்துக்கொள்ளும்.

எந்த எடிட்டராக இருந்தாலும் ரன் பட்டனுக்குப் பின்னால் உள்ள கேள்விகள் இவைதான்: எந்தப் புரோகிராம், எந்த ஃபோல்டரிலிருந்து, என்ன ஆர்க்யூமென்ட்டுகளோடு (ஓட்டும்போது கூடவே கொடுக்கும் சொற்கள்), எந்த என்விரான்மென்ட்டில் (புரோகிராமைச் சுற்றியுள்ள அமைப்புகள்), எந்தத் திரையில். நீ பதில் சொல்லாவிட்டால் எடிட்டர் தானே ஒன்றை ஊகித்துக்கொள்ளும். விஎஸ் கோடில் பதிலை எழுதும் இடம் லாஞ்ச்.ஜேசன். இடதுபுறம் 'ரன் அண்ட் டீபக்' பகுதியைத் திற (கன்ட்ரோல், ஷிஃப்ட், டி). அந்த ஃபைலை உருவாக்கச் சொல்லும் இணைப்பு அங்கேயே இருக்கும். அழுத்தினால், நீ திறந்திருக்கும் ஃபோல்டரின் உச்சியில் .விஎஸ்கோட் என்ற ஃபோல்டரும் அதற்குள் இந்த ஃபைலும் வந்துவிடும். உச்சியில் என்பதைக் கவனி. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு துணை ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்தால் எடிட்டர் அதைச் சீண்டாது.

உனக்கு வேண்டிய வரிகள் இரண்டே இரண்டு. 'புரோகிராம்' என்ற இடத்தில் வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர் என்ற மாறியைப் போட்டு, அதன் பின்னால் கணக்கு/மெயின்.பிஒய் என்று எழுது. 'சிடபிள்யூடி' (எந்த ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும்) என்ற இடத்தில் அதே மாறியும் பின்னால் /கணக்கு என்பதும். மாறியை டாலர் குறியும் சுருள் அடைப்பும் போட்டுத்தான் எழுத வேண்டும். எடிட்டர் தானாகத் தரும் மாதிரியில் புரோகிராமுக்கு 'ஃபைல்' என்ற மாறி இருக்கும். இப்போது எந்த ஃபைல் திறந்திருக்கிறதோ அதை ஓட்டு என்று அதற்குப் பொருள். கற்றுக்கொள்ளும்போது அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து ஃபைல் உள்ள பிராஜெக்ட்டில், உதவி ஃபைல் ஒன்றில் பிரேக்பாயிண்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய வரிக்கான குறி) வைத்துவிட்டு அங்கே நின்றபடியே எஃப்5 (டீபக் செய்து ஓட்டும் விசை) அடிப்பாய். உதவி ஃபைல் மட்டும் ஓடி, ஒன்றும் செய்யாமல் முடிந்துவிடும். பெயரைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

(கோடிலேயே, ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தரவு ஃபைலைத் திறக்கும்படி மாற்றிவிட்டால், யார் எங்கிருந்து ஓட்டினாலும் ஓடும். அதையும் செய்.)

இன்னொன்று. மேலே வலது மூலையில் உள்ள முக்கோணப் பட்டன் வேறு, எஃப்5 வேறு. முக்கோணம் திறந்திருக்கும் பைத்தான் ஃபைலை அப்படியே டெர்மினலில் ஓட்டும். நீ எழுதிய லாஞ்ச்.ஜேசனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த ஃபைலில் என்ன மாற்றினாலும் பலன் இல்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த முக்கோணத்தைத்தான் அழுத்திக்கொண்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். எஃப்5 அடி. டீபக் வேண்டாம், சும்மா ஓடினால் போதும் என்றால் கன்ட்ரோல் எஃப்5.

ஆர்க்யூமென்ட்டுகளை 'ஆர்க்ஸ்' என்ற பட்டியலில் தனித்தனியாக எழுது. '--மாதம் 3' என்று டெர்மினலில் அடிப்பதை ஒரே மேற்கோளுக்குள் அடைத்தால், இடைவெளியோடு சேர்த்து அது ஒரே ஆர்க்யூமென்ட்டாகப் போகும். புரோகிராமுக்கு அடையாளம் தெரியாது. '--மாதம்' ஒன்று, '3' ஒன்று. மாதத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருந்தால், 'இன்புட்ஸ்' என்ற பகுதியில் 'பிக்ஸ்ட்ரிங்' வகையில் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது) ஒன்றை எழுதி, 'ஆர்க்ஸ்' பட்டியலில் '3'க்குப் பதிலாக அதைச் சுட்டிவை. எஃப்5 அடித்ததும் மேலே ஒரு பட்டியல் விரியும், தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

'கன்சோல்' என்பதை இன்டகிரேட்டட் டெர்மினல் என்றே வைத்துக்கொள். இன்டர்னல் கன்சோல் என்று மாற்றினால் புரோகிராம் அச்சிடுவது தெரியும், ஆனால் உன் புரோகிராம் கேள்வி கேட்டுவிட்டு நிற்கும்போது பதிலைத் தட்ட வழியிருக்காது.

சி மொழிக்கு எப்படி என்று கேட்டிருந்தாய். அங்கே ஒரு படி கூடுதல்: ஓடுவதற்கு முன் கம்பைல் ஆக வேண்டும் (மெஷின் மொழிக்கு மாற வேண்டும்). அதை டாஸ்க்ஸ்.ஜேசனில் ஒரு டாஸ்க்காக எழுதி, அதன் லேபிளை 'பிரீலாஞ்ச்டாஸ்க்' என்ற இடத்தில் எழுத்து மாறாமல் போடு. இதை விட்டுவிட்டால் கோடை மாற்றி மாற்றி எஃப்5 அடிப்பாய், பழைய புரோகிராமே ஓடிப் பழைய விடையே வந்துகொண்டிருக்கும். ஜிசிசி (சி மொழிக் கம்பைலர்) கட்டளையில் -ஜி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அது இல்லாவிட்டால் பிரேக்பாயிண்ட்டில் நிற்காது.

லாஞ்ச்.ஜேசனைக் கிட்டில் (கோடின் மாற்றங்களைச் சேமித்துப் பகிரும் கருவி) சேர்க்கலாமா? என்னைக் கேட்டால், தாராளமாக. கூட வேலை செய்பவர் இறக்கியதும் எஃப்5 அடித்து ஓட்டலாமே. பாதைகளில் உன் மெஷினின் ஹோம் ஃபோல்டர் மட்டும் வந்துவிடக் கூடாது. அதற்குத்தான் அந்த மாறிகள். கடவுச்சொல், ஏபிஐ கீ எல்லாம் தனியாக ஒரு .என்வ் ஃபைலில் இருக்கட்டும். அதை 'என்வ்ஃபைல்' என்ற இடத்தில் சுட்டிவிட்டு, கிட்இக்னோரில் (கிட் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியல்) பெயரைச் சேர்த்துவிடு.

பழைய வழிகாட்டிகளில் லாஞ்ச்.ஜேசனின் 'டைப்' என்ற இடத்தில் 'பைத்தான்' என்று இருக்கும். இப்போது அது 'டிபக்பை'. மஞ்சள் கோடு விழுந்தால் பயப்படாமல் மாற்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடாவிட்டால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதே. லாஞ்ச்.ஜேசனை அப்படியே மெயிலில் ஒட்டி, நீ எந்த ஃபோல்டரைத் திறந்திருக்கிறாய் என்பதையும் ஒரு வரி எழுது. ராத்திரி பார்த்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்