சாலைப் பொறியாளர்களுக்கு, வேடியப்பன் சார்பாக

திருவண்ணாமலை மாவட்டத்தில் சாலை போடும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்தில் உங்களுக்கு முன்பே கல் நட்டவர்கள் இருக்கிறார்கள். சண்டையில் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக நட்ட பல்லவர் காலத்து நடுகற்கள் இங்கே புளியமரத்தடியிலும் வயல் வரப்பிலும் வழியோரத்திலும் நிற்கின்றன. எண்ணெயும் மஞ்சளும் பூசி, வேடியப்பன் என்று ஊரார் கும்பிடும் சாமிகளில் பல இந்தக் கற்கள்தான்.

எடுத்தனூரில் இருக்கும் கல்லை மட்டும் சொல்கிறேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளை மீட்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கெனத் தனியாக ஓர் எழுத்துப் பொறிப்பு. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். மன்னர்களின் பட்டப் பெயர்களையே பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த நமக்கு, 1400 ஆண்டுகளுக்கு முன் காவல் காத்த ஒரு நாயின் பெயர் தெரியும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். எந்த ஊர், யார் போட்ட சாலை என்று எழுதப் போவதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே ஒரு கல்லில் வீரனின் கால் விரல்கள்வரை தெரியும். பிறகு முழங்கால் மறைந்தது. போன மாதம் பார்த்தபோது இடுப்புக்கு மேல்தான் இருந்தான். வில் பிடித்த கை தார் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்கேற்ற வந்த பாட்டி, "சாமி வருடா வருடம் பூமிக்குள் போகிறார்" என்றார். சாமி எங்கும் போகவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டுச் சாலைதான் ஏறிக்கொண்டிருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களைப் பழிக்க எழுதவில்லை. ஊராரும் சளைத்தவர்கள் இல்லை. திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயின்ட் அடித்து, கல்லில் வெட்டிய வட்டெழுத்தை, அதாவது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தை, அடைத்துவிடுகிறோம். பெயின்டையாவது பொறுமையாக உரித்துவிடலாம். அகலப்படுத்தும்போது பொக்லைன் வாளியில் இரண்டாக உடைந்த கல்லை என்ன செய்வது?

"பெயரும் பீடும் எழுதி அதர்தொறும்" நடுகல் நின்றதாக அகநானூறு சொல்கிறது. அதர் என்றால் வழி. வழிப்போக்கன் நின்று படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் பாதையோரத்தில் நட்டார்கள். அறிவிப்புப் பலகை வைக்கும் உங்கள் வேலையும் அதுதானே? எழுத்து மாறிவிட்டதால் இன்று அந்தக் கல்லைப் போகிறவர் வருகிறவர் யாராலும் படிக்க முடிவதில்லை. பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். "சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்" என்று மட்டும் எழுதிய பலகை வேண்டாம். எதைச் சேதப்படுத்தக் கூடாது என்றே தெரியாதவனுக்கு அதனால் என்ன பயன்? சுற்றுலாத் தலங்களுக்கு வைக்கும் பழுப்பு நிறப் பலகை ஒன்று நெடுஞ்சாலைப் பிரிவில் வழிகாட்டட்டும். கல்லருகே நான்கு வரி இருந்தால் போதும். எடுத்தனூர்ப் பலகையில் கருந்தேவக்கத்தியின் பெயரோடு கோவிவன் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிக்கத்தான் சைக்கிளை நிறுத்துவார்கள்.

பட்டியலுக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுதியை மாநிலத் தொல்லியல் துறை 1972இலேயே வெளியிட்டிருக்கிறது. அடுத்த சாலைக்கு மதிப்பீடு போடும்போது, வெட்ட வேண்டிய மரங்களை எண்ணுவதுபோல இந்தக் கற்களையும் எண்ணி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் வராத கற்களும் உண்டு. அவற்றை ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் தொல்லியல் துறையினர் வரும்வரை வாளியை இறக்காதீர்கள்.

பலகை நடும் நாளை முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். குழி தோண்ட எங்கள் ஆட்களே கடப்பாரையோடு வருவார்கள். கல்லிலிருந்து பத்தடி தள்ளியே தோண்டுவோம்.

இப்படிக்கு,
செங்கம் வட்டாரத்து வழிப்போக்கன்